பென்சிலால் எழுதிய பெயர்

“தம்பிக்கு எங்கே வேலை?” என்று கேட்பவர்கள் அந்தக் கேள்வியோடு நிற்பதில்லை. நான் விடை சொல்லி முடிப்பதற்குள்ளேயே, “நிரந்தரமோ, தற்காலிகமோ?” என்ற இரண்டாவது கேள்வி வந்து விழுந்துவிடும். கோயில் வீதியிலே சந்திப்பவர், பஸ் வண்டியிலே பக்கத்து ஆசனத்தில் அமர்பவர், கலியாணத் தரகர், மரண வீட்டில் வெற்றிலைத் தட்டத்தின் முன்னே குந்தியிருப்பவர், எல்லாரும் இந்த விஷயத்தில் ஒரே பள்ளிக்கூடத்திற் படித்தவர்கள். “தற்காலிகந்தான்” என்று நான் சொன்னதும் அவர்கள் முகத்தில் ஒரு சிறு மேகம் படர்ந்து மறையும். “பரவாயில்லை, சும்மா இருக்கிறதிலும் பார்க்க ஒண்டைச் செய்கிறது நல்லதுதானே” என்று ஆறுதல் சொல்லிவிட்டு, மழை பெய்யுமா பெய்யாதா என்ற பேச்சுக்கு மாறிவிடுவார்கள்.

எனக்கு வயது 24. இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் பாயும் ஒரு கிராமத்திற் பிறந்தவன். கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்தும் பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய புள்ளி கிட்டாமையால், வவுனியா நகரத்திலே ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறி மாறி மூன்று ஆண்டுகளைக் கழித்திருக்கிறேன். மாறியவை எல்லாம் தற்காலிக வேலைகளே. ஆகவே தற்காலிகம் என்னும் பொருளைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு ஓரளவு நிரந்தரமான தகுதி உண்டு என்று வாசகர்கள் ஒப்புக்கொள்வார்கள் என நம்புகிறேன்.

அரசாங்கக் கந்தோர்களின் பாஷையில் இந்தத் தற்காலிகத்துக்குள்ளும் பிரிவுகள் உண்டு. தற்காலிக ஊழியர், அமைய ஊழியர், பதில் ஊழியர், ஒப்பந்த ஊழியர் என்று சுற்றறிக்கைகள் வகுத்து வைத்திருக்கின்றன. இவற்றுள் ‘அமைய’ என்ற சொல் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. நல்ல வரன் அமைய வேண்டும், நல்ல காணி அமைய வேண்டும் என்று எங்கள் தாய்மார் நேர்த்தி வைக்கும்போது அச்சொல் நிலைபெறுதலைக் குறிக்கின்றது. கந்தோர் வாசலைத் தாண்டியதும் அதே சொல் இன்றைக்கு வந்து நாளைக்குப் போகிறவனைக் குறிக்கத் தொடங்கிவிடுகிறது. அமையாத வேலைக்கு ‘அமைய வேலை’ என்று பெயர் வைத்த மனிதர் யாரோ, அவர் சிரித்துக்கொண்டு வைத்தாரா, சிந்தியாமல் வைத்தாரா என்பதை நான் அறியேன்.

வன்னி மண்ணுக்கு இந்தச் சொல் புதிதன்று. கிளிநொச்சிப் பட்டினமே 1936ஆம் ஆண்டில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் சன நெருக்கத்தையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் தணிப்பதற்காகத் தொடங்கிய குடியேற்றத் திட்டத்தினால் உருவானது. என் பூட்டனார் காடு வெட்டும் கூலியாக அந்நாளில் வந்தவர். ஆறு மாதம் நின்று கையிலே நாலு காசு கண்டதும் திரும்புவதாகச் சொல்லிவிட்டு வந்தாராம். அந்த ஆறு மாதம் இன்று நான்கு தலைமுறையாகிவிட்டது. அவருடைய மகன், என் பாட்டனார், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையிலே வேலை பெற்றார். 1950களில் எழுந்த அந்தத் தொழிற்சாலையில் வேலை கிடைப்பதென்றால் அக்காலத்தில் அது நிரந்தரத்துக்கே நிரந்தரம். சீதனப் பேச்சில் இரண்டு ஏக்கர் வயலுக்குச் சமம். 1980களில் யுத்தம் வந்தது, தொழிற்சாலை நின்றது, நிரந்தரமும் அதனோடு நின்றது. தற்காலிகமாக வந்த பூட்டனார் வேரூன்றி நின்றுவிட்டார். நிரந்தர உத்தியோகம் பெற்ற பாட்டனார் வெறுங்கையோடு தோட்டத்துக்குத் திரும்பினார். எங்கள் குடும்பத்தின் சரித்திரம் இவ்வளவுதான்.

என்னுடைய பங்கும் சிறிது உண்டு. 2009ஆம் ஆண்டில் எனக்கு எட்டு வயது. செட்டிகுளத்து முகாமிலே படங்குக் கூடாரத்தில் இருந்தோம். அதற்குத் ‘தற்காலிக’ நலன்புரி நிலையம் என்று பெயர். தற்காலிகக் கொட்டகையிலே பாடம் படித்தேன். ஊருக்குத் திரும்பிய பின் தற்காலிகத் தகர வீட்டிலே சில ஆண்டுகள் வாழ்ந்தோம். வெயிற் காலத்திலே அந்தத் தகரத்தின் கீழ் இருந்து படித்தவனுக்குத் தற்காலிகம் என்றால் என்னவென்று அகராதி பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. கிளிநொச்சியிலே கண்டி வீதியோரம், நூறாண்டு நிற்குமென்று கட்டிய பெரிய நீர்த்தாங்கி யுத்தத்தில் வீழ்த்தப்பட்டுப் பக்கவாட்டிலே பல ஆண்டுகள் கிடந்தது. பள்ளிக்கூடம் போகும்போது அதைப் பார்த்துக்கொண்டு போவேன். நிரந்தரம் என்று சொல்பவர்களை நான் முழுமனதோடு நம்பாமைக்கு அந்தக் காட்சியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு ஏறத்தாழ 75 கிலோமீற்றர். முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், கையிலே ஒரு சரைக் கச்சான், பிறகு மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை என்று பஸ் வண்டி காட்டைப் பிளந்துகொண்டு போகும். நகரத்துக்கு வந்த புதிதில் என்னைக் கவர்ந்தவை அங்குள்ள இடப்பெயர்களே. தாண்டிக்குளம், பண்டாரிகுளம், வைரவபுளியங்குளம், குருமன்காடு. எல்லாம் காடும் குளமும். பெயரிலே காடும் குளமும் இருக்க, நேரிலே கைத்தொலைபேசிக் கடைகளும் தனியார் கல்வி நிலையங்களும் நகை அடைவு பிடிக்கும் நிலையங்களும் இருக்கின்றன. இந்த நகரமும் ஒரு காலத்திலே எங்கள் கிராமத்தைப் போன்ற ஒன்றுதான் என்ற நினைவு எனக்குப் பெரிய தைரியத்தைத் தந்தது.

பெரிய நகரங்களிலே எவரும் எவரையும் ஊர் விசாரிப்பதில்லை என்பார்கள். வவுனியா அப்படியன்று. தேத்தண்ணீர்க் கடையிலே ஒரு வடையைப் பிய்ப்பதற்குள் “எந்த ஊர்?” என்று கேட்பார்கள். சொன்னால் போதாது. “அது இப்ப. இடம்பெயர முந்தி எந்த ஊர்?” என்று அடுத்த கேள்வி வரும். 1990ஆம் ஆண்டிலே வடக்கு நோக்கிய புகையிரதம் இந்நகரத்தோடு நின்றது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, தன் பெயரிலுள்ள யாழ்ப்பாணத்தை எட்டாமல் இருபதாண்டுக்கு மேல் இந்தத் திக்கிலே நின்று திரும்பியது. 2013இலே கிளிநொச்சிக்கும் 2014இலே யாழ்ப்பாணத்துக்கும் அது மீண்டும் போனது. இடைப்பட்ட காலமெல்லாம் பாதை முடிந்த இடத்திலே இறங்கியவர்களும், யுத்தத்துக்கு ஒதுங்கியவர்களும், 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலைநாட்டிலிருந்து வந்தவர்களுமாகச் சேர்ந்து பெருத்த நகரம் இது. இங்கே எவரும் எவருக்கும் முழு அந்நியரல்லர். எல்லாருமே எங்கிருந்தோ வந்தவர்கள்.

நான் தங்கியிருப்பது குருமன்காட்டிலே ஒரு வீட்டின் பின்புற அறையில். அறைக்கு மூவர். ஒருவன் வாகனம் திருத்தும் இடத்தில் வேலை செய்கிறான். மற்றவன் தொலைபேசி அட்டை விநியோகம். மூவரும் தற்காலிகமே. சுவரிலே ஆணி அடிப்பதற்குக்கூட நாங்கள் யோசிப்போம். வீட்டுக்கார மாமி நல்லவர். ஒருநாள் அவருடைய அலுமாரிக்கு மேலிருந்த ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியை இறக்கிக் கொடுக்கச் சொன்னார். அதனுள்ளே நகையோ பணமோ இல்லை. மங்கிப்போன துண்டுச் சீட்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன.

“இது என்ன மாமி?”

“பாஸ் தம்பி. தொண்ணூற்றாறிலை கிளிநொச்சியாலை வெளிக்கிட்டு இஞ்சை வந்து சேர்ந்தன். அப்ப ஒரு நாளுக்குப் பாஸ், ஒரு கிழமைக்குப் பாஸ், ஒரு மாதத்துக்குப் பாஸ் எண்டு தருவாங்கள். முடிய முதல் போய் வரிசையிலை நிண்டு புதுப்பிக்க வேணும். புதுப்பிச்சுப் புதுப்பிச்சே ஆறு வருஷம் போச்சு.”

1990களில் வன்னியிலிருந்து வவுனியாவுக்கு வந்தவர்களுக்கு இருந்த அனுமதிச் சீட்டு முறையைப் பற்றி நான் புத்தகத்திலே படித்திருந்தேன். 2002ஆம் ஆண்டிலே, சிதம்பரபுரம் முகாமிலிருந்த ஒருவர் தொடுத்த வழக்கில், அப்படி ஒரு பிரசையின் நடமாட்டத்தைத் தடுப்பது அடிப்படை உரிமைக்கு மாறானது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் அறிவேன். எனினும் அந்தச் சீட்டைக் கையிலே தொட்டபோதுதான், ஒரு மனிதர் தாம் உறங்கும் இடத்திலே உறங்குவதற்கு மாதாமாதம் வரிசையில் நிற்பது என்னவென்று விளங்கிற்று. “ஏன் மாமி இதையெல்லாம் வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டேன். “நான் இஞ்சை இருந்ததுக்கு வேறை என்ன அத்தாட்சி இருக்கு?” என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்த வார்த்தையின் முழுப் பொருளும் எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

இனி, என் வேலைக்கு வருகிறேன். 2024ஆம் ஆண்டு நவம்பர் முதற்கிழமையிலே கடைத்தெருவிலுள்ள ஒரு புடைவைக் கடையிற் சேர்ந்தேன். இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் கடை. நத்தார், பொங்கல், சித்திரைப் புத்தாண்டு என்று அடுத்தடுத்து வரும் வியாபாரத்துக்கு ஆள் தேவைப்பட்டது. நாட்சம்பளம், கிழமை முடிவிலே கையிற் காசு. முதல்நாள் கணக்கப்பிள்ளை வரவுப் புத்தகத்தை எடுத்து என் பெயரைப் பென்சிலால் எழுதினார். எனக்கு மேலே இருந்த சில பெயர்கள் மையினால் எழுதப்பட்டிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, “பயப்பிடாதையும், எல்லாருக்கும் முதல் பென்சில்தான்” என்றார்.

புடைவைக் கடை வேலை என்றால் மடிப்பதும் விரிப்பதுந்தானே என்று வெளியில் நிற்பவர்கள் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். விரித்த சேலையைக் கரை குலையாமல் ஒரே வீச்சில் மடிக்க எனக்கு மூன்று கிழமை பிடித்தது. வருகிறவர் வாங்க வந்தவரா, விலை பார்க்க வந்தவரா, மழைக்கு ஒதுங்கியவரா என்பதை அவர் செருப்பைக் கழற்றும் விதத்திலேயே அறிந்துகொள்ள இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. மதவாச்சிப் பக்கத்திலிருந்து வரும் சிங்களத் தாய்மாரிடம் சிங்களத்தில் எண்ணவும், பெருநாளுக்கு உடுப்பு வாங்க வரும் முஸ்லிம் குடும்பங்களிடம் விலை குறைக்காமலே மனங்குளிரப் பேசவும் அந்த மேசைக்குப் பின்னாலே நின்றுதான் கற்றேன். ஒருநாள் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த ஒரு வயோதிபர், மகளின் கலியாணத்துக்கென்று கூறைச்சேலை பார்த்தார். கையிலிருந்த பணம் போதவில்லை. அவருடைய மனம் நோகாதபடி குறைந்த விலையில் ஒன்றை, அதுதான் அழகு என்று அவரே சொல்லும்படியாக எடுத்துக் காட்டினேன். அவர் படியிறங்கும்போது என் தலையிலே கை வைத்து, “நல்லா இரு மோனை” என்றார். அன்று இரவு அறைக்குப் போகும் வழியில், ‘இது எனக்கு அமைந்த வேலை’ என்று முதல் தடவையாக எண்ணினேன்.

கால்கள்தாம் ஒப்புக்கொள்ளவில்லை. காலை எட்டு மணிக்கு நிற்கத் தொடங்கினால் இரவு கடை பூட்டும்வரை நிற்க வேண்டும். கடை, அலுவலக ஊழியருக்கென்று எங்கள் நாட்டில் 1954ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம், கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை என்று அது சொல்லும். பண்டிகை வியாபாரம் அதைக் கேட்பதில்லை. தமிழ்நாட்டிலே 2021ஆம் ஆண்டில், கடை ஊழியர் உட்காருவதற்கு இருக்கை வைத்தேயாக வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். உட்காருவதற்கும் ஒரு சட்டம் வேண்டியிருக்கிறதே என்று சிரிப்பவர்கள், பொங்கலுக்கு முந்திய கிழமையிலே ஒரு புடைவைக் கடையில் நின்று பார்க்கலாம்.

எனக்குத் தொழில் பழக்கியவர் ஓர் அக்கா. அவருடைய குடும்பம் 1977ஆம் ஆண்டின் பின்னர் மலைநாட்டிலிருந்து வந்து வவுனியாவின் ஓரத்திலே குடியேறியது. அவர் பிறந்தது இங்கேதான். கடையிலே எந்தத் துணி எந்தத் தட்டிலே, எந்த வாடிக்கையாளருக்கு எந்த நிறம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். முதலாளியே சில வேளைகளில் அவரிடம் கேட்டுத்தான் கொள்முதல் செய்வார். வரவுப் புத்தகத்திலே அவருடைய பெயரும் பென்சிலால் எழுதப்பட்டிருந்ததை நான் மூன்றாம் மாதத்திலேதான் கவனித்தேன். எவ்வளவு காலமாக வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். “பதினாலு வருஷம் தம்பி” என்றார், ஒரு சேலையின் மடிப்பை நீவியபடியே.

சித்திரைப் புத்தாண்டு வியாபாரம் ஓய்ந்த மறு கிழமை கணக்கப்பிள்ளை என்னை அழைத்தார்.

“தம்பி, நாளையிலையிருந்து ஒரு பத்து நாள் வீட்டிலை நில்லும். பிறகு வாரும். புதுசா ஒரு விண்ணப்பம் எழுதித் தந்திட்டுச் சேரலாம்.”

“நான் ஏதும் பிழை செய்தேனோ ஐயா?”

“சீச்சீ, பிழை ஒண்டுமில்லை. இஞ்சை வழமை அது. எல்லாருக்கும் உள்ளதுதான்.”

அறைக்கு வந்து என் செலவுக் கொப்பியை எடுத்தேன். நகரத்துக்குப் புறப்படும்போது, “ஒரு சதமெண்டாலும் எழுதி வை” என்று அம்மா தந்த கொப்பி அது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணிப் பார்த்தேன். 172 நாள். அந்த எண்ணிலே ஏதோ ஒன்று இருக்கின்றது என்று தோன்றியது, என்னவென்று தெரியவில்லை.

மறுநாள் ஊருக்குப் போகாமல், தொழில் திணைக்களத்தின் கந்தோருக்குப் போய் வரிசையில் நின்று விசாரித்தேன். அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையாக விளக்கினார். வேலைநீக்கம் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்திலே 180 நாள் வேலை செய்த ஒருவரை, அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் நீக்கக்கூடாது என்கின்றது. அரசாங்க சேவையிலும் 2014ஆம் ஆண்டின் ஒரு சுற்றறிக்கை, 180 நாள் பூர்த்திசெய்த தற்காலிக, அமைய ஊழியர்களை நிரந்தரமாக்க வழி செய்தது. தமிழ்நாட்டிலே 1981ஆம் ஆண்டின் சட்டமொன்று, தொழில் நிறுவனங்களில் 24 மாதத்தில் 480 நாள் உழைத்தவரை நிரந்தர ஊழியர் என்று கொள்ளும். எண்கள் வேறு, எண்ணம் ஒன்று. ஒருவரின் உழைப்பு இத்தனை நாள் தொடர்ந்து தேவைப்பட்டால் அந்த வேலை தற்காலிகமானதன்று என்பதே அந்த எண்ணம். ஆனால் வேலியிலே எந்த இடத்திலே பொட்டு இருக்கின்றது என்பதை மாடு அறிவதற்கு முன் வேலி கட்டியவன் அறிவான். 180 என்று சட்டம் எழுதியவுடன் 172 என்று ஒரு வழமை பிறந்துவிட்டது.

“அது கிடக்கட்டும், ஊழியர் சேமலாப நிதி கட்டினவையோ?” என்று உத்தியோகத்தர் கேட்டார். நான் விழித்தேன். நிரந்தரமானவர்களுக்கு மாத்திரம் உரியது அது என்று நினைத்திருந்தேன். 1958ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் தற்காலிகம், நிரந்தரம் என்ற பேதம் பாராட்டுவதில்லையாம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஊழியரின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8ம், முதலாளியின் பங்காக நூற்றுக்கு 12ம் கட்டப்பட வேண்டும். இதற்கு மேலாக, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி நூற்றுக்கு 3 கட்ட வேண்டும். கட்டாமல் விட்ட காலத்துக்கு உரியதையும் மேலதிகக் கட்டணத்தோடு அறவிடலாம். அநியாயமாக நீக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய மன்றுக்குப் போகலாம். “ஆனால் தம்பி, வேலை செய்ததுக்கு அத்தாட்சி வேணும்” என்று சொல்லி முடித்தார்.

மாமியின் தகரப்பெட்டி அப்போது என் நினைவுக்கு வந்தது.

அன்று மாலை வவுனியாக் குளத்து அணைக்கட்டிலே அக்காவைச் சந்தித்து எல்லாவற்றையும் சொன்னேன். பதினான்கு வருஷத்துக்கு உரிய பணம் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டும் காட்டினேன். இருவரும் சேர்ந்து முறைப்பாடு கொடுப்போம் என்றேன். அக்கா நீண்ட நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க போயிருவீங்க தம்பி. இன்னொரு கடை, இன்னொரு ஊர், இல்லாட்டி வெளிநாடு. நான் நாளைக்கும் அந்தக் கடைப் படியிலதானே ஏறணும்? எனக்கு ரெண்டு புள்ளைங்க.”

எனக்குப் பதில் இல்லை. சட்டம் படித்த உற்சாகத்திலே போனவன், தலையைக் குனிந்துகொண்டு திரும்பினேன். உரிமையை எடுத்துச் சொல்வதற்கு 172 நாள் போதும். அதைக் கேட்பதற்கு வேண்டிய துணிவின் விலை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று என்பதை நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

பிறகு ஊருக்குப் போனேன். ஐயா வாய்க்காலிலே தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், “கட்டார் போக ஏஜென்சிக்காரன் ஒருவன் வந்து போறான். தோட்டக் காணியை ஈடு வைப்பம்” என்றார். பூட்டனார் காடு வெட்டிப் பெற்ற காணி அது. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துக்காக நாலு தலைமுறைக் காணியை ஈடு வைப்பது எப்படிப்பட்ட கணக்கு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. வேறு கணக்கு என்னிடமும் இல்லாதபோது கேட்பதில் நியாயம் இல்லை. “கொஞ்சம் பொறுங்கோ ஐயா” என்று மாத்திரம் சொன்னேன். அவர் மண்வெட்டியைத் தோளிலே வைத்துக்கொண்டு, “பொறுக்கிறதுதானே எங்கடை வேலை” என்றார். சினந்து சொன்னாரா, சிரித்துச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

ஒன்பதாம் நாள் நகரத்துக்குத் திரும்பினேன். அன்று விடுமுறை நாள். அக்கா என் அறை வாசலுக்கு வந்தார். கையிலே சுருட்டிய ஒரு கடதாசிக் கட்டு. விரித்துப் பார்த்தேன். கடை ஆண்டுதோறும் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் நாட்காட்டிகள், பதினான்கு வருஷத்தவை. வேலை செய்த ஒவ்வொரு நாளின் மேலும் சிறு புள்ளி. ஆண்டுக்கு இரண்டு முறை வரும் அந்தப் ‘பத்து நாள்’களைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஓரத்திலே சம்பளம். எல்லாம் மையினால்.

“யாருக்கும் காட்டணும்னு வெச்சிருக்கல. சும்மா ஒரு கணக்குக்கு. எம்பேரச் சொல்லாம, இது செல்லுமான்னு கேட்டுப் பாருங்க தம்பி.”

மாமி உள்ளேயிருந்து தேத்தண்ணீர் கொண்டுவந்தவர் அந்த நாட்காட்டிகளைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். பிறகு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தன் தகரப்பெட்டியை எடுத்துவந்து அக்காவுக்குத் திறந்து காட்டினார். அந்த இரண்டு பெண்களும் அன்றுதான் முதல் முறை சந்தித்தார்கள். ஆயினும் நெடுநாட் பழகியவர்களைப்போல, ஒருவர் சீட்டையும் மற்றவர் நாட்காட்டியையும் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நாட்காட்டிகளைப் படம் பிடித்து எடுத்துக்கொண்டேன். மறுநாள் கந்தோரிலே, பெயர் சொல்லாமல் கேட்டேன். இத்தகைய குறிப்பும் ஓர் ஆதாரமாக முன்வைக்கத் தக்கதே என்றும், சாட்சியும் இருந்தால் பலம் கூடும் என்றும் சொன்னார்கள். என்னுடைய 172 நாளுக்குரிய சேமலாப நிதிக்கு நான் என் பெயரிலே முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். அக்கா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அவரை நான் அவசரப்படுத்தவில்லை. சாட்சி வேண்டுமானால் வருவேன் என்று மாத்திரம் சொல்லியிருக்கிறேன்.

அதே நாள் கடைக்கும் போனேன். புதிய விண்ணப்பம் எழுதிப் புதிய தேதியில் சேர்வதற்காக அன்று. மீதிச் சம்பளத்தை வாங்குவதற்காக. என் மேசைக்குப் பின்னாலே ஒரு பையன் நின்றான். வயது பத்தொன்பதோ இருபதோ இருக்கும். வைகாசிக் கலியாணங்களுக்கு உடுப்பு வாங்குவோர் கூட்டம். அவன் ஒரு சேலையை விரித்துவிட்டு மடிக்கத் தெரியாமல் திண்டாடினான். எனக்கு ஓய்வு தேவை என்று கண்டுபிடித்த கடை, என் வேலைக்கு ஒருநாளும் ஓய்வு தேவை என்று கருதவில்லை. எத்தனையோ சுற்றறிக்கைகள் சொல்லாததை அந்த மேசை எனக்குச் சொன்னது. வேலை நிரந்தரமானது, நாங்கள்தாம் தற்காலிகம். 1944ஆம் ஆண்டிலே பிலடெல்பியா நகரத்தில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, உழைப்பு ஒரு சரக்கன்று என்று பிரகடனம் செய்தது. சரக்குக்குக்கூட எங்கள் கடையிலே இருப்புப் புத்தகத்தில் மையினால் பதிவு உண்டு.

“கரையைப் பிடி தம்பி. நடுவிலை பிடிச்சால் வழுக்கும்” என்று சொல்லி ஒரு முறை மடித்துக் காட்டினேன். அவன் வெட்கத்தோடு சிரித்தான். முல்லைத்தீவுப் பக்கம் ஊராம். கூட்டம் சற்றுக் குறைந்ததும் மெல்லக் கேட்டான்:

“அண்ணை, இந்த வேலை நிரந்தரமோ?”

உடனே பதில் சொல்ல வரவில்லை. “கொப்பி ஒண்டு வைச்சிருக்கிறியோ?” என்று கேட்டேன். இல்லை என்றான். வெளியே போய், எதிர்க் கடையிலே ஒரு கொப்பியும் ஒரு பேனையும் வாங்கிவந்து கொடுத்தேன். முதற் பக்கத்திலே அவன் பெயரையும், அவன் வேலைக்குச் சேர்ந்த தேதியையும் அவனையே எழுதச் சொன்னேன். ஒவ்வொரு நாளும், சம்பளம் வாங்கும் ஒவ்வொரு தடவையும் எழுதும்படி சொன்னேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை முழுவதையும் சொல்ல வேண்டி வந்திருக்கும். அதற்குள் அடுத்த வாடிக்கையாளர் படியேறிவிட்டார்.

இப்போது நான் ஒரு நெல் ஆலையிலே மூட்டைக் கணக்கு எழுதுகிறேன். சிறுபோக நெல் வந்து முடியும்வரைக்குமான வேலை. வழியிலே காண்பவர்கள் வழக்கம்போலக் கேட்கிறார்கள். நானும் வழக்கம்போல, “தற்காலிகந்தான்” என்கிறேன். ஆனால் அன்றன்று இரவு, அறைக்கு வந்து விளக்கை அணைக்குமுன், அம்மா தந்த கொப்பியிலே ஒரு வரி எழுதி வைக்கிறேன். பேனையால்.